சம்பா மதிப்பீட்டில் கூடிப்போன ஓர் ஆயிரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2021 நவம்பரில் காவிரி டெல்டாவில் பெய்த தொடர்மழையில் பல ஊர்களின் வயல்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. குறுவைக்குப் பின் நடும் தாளடி நெல் அப்போதுதான் நட்டு வேர்பிடித்துக்கொண்டிருந்தது. சம்பா தூர்கட்டும் பருவத்தில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சில வயல்கள் தேறின. சிலவற்றில் மறுநடவு செய்தார்கள். சில தரிசாகவே கிடந்தன. எந்தக் கிராமத்தில் எது நடந்தது என்பதை 2022 பிப்ரவரியில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வகைப்படுத்தித் தருமாறு ஓர் அலுவலகம் ஒரு சிறிய தொலையுணர்வுக் குழுவிடம் கேட்டது.

அது இழப்பீட்டுக் கணக்கு அல்ல. இழப்பீட்டுக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனையும் அடங்கலும் (கிராமப் பயிர்ப் பதிவேடு) தனி வழியில் போய்க்கொண்டிருந்தன. குழுவிடம் கேட்டது முன்னுரிமைப் பட்டியல் மட்டுமே. களப்பணியாளர்கள் சிலர்தான் இருந்தார்கள். அவர்களை முதலில் எந்தக் கிராமங்களுக்கு அனுப்புவது என்று தெரிய வேண்டியிருந்தது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிவிட்டால் பார்க்க எதுவும் மிஞ்சாது. ஆகவே பட்டியல் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் வந்தால்தான் பயன்.

குழுவில் ஒரு தொழில்நுட்பர், ஒரு மேற்பார்வையாளர், ஒரு கள உதவியாளர். படங்களை இறக்குவது, மேகம் நீக்குவது, குறியீடு கணக்கிடுவது, வரைபடம் போடுவது எல்லாம் தொழில்நுட்பரின் வேலை. அவர் பயன்படுத்திய பைதான் ஸ்கிரிப்ட் முன்பு அங்கே இருந்தவர் எழுதியது. அதை எழுதியவர் வேலை மாறிப் போயிருந்தார். பல பருவங்களாகச் சிக்கலின்றி ஓடியதால் யாரும் அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

தரவும் முறையும்

பயன்படுத்தியது ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள். அப்போது இயங்கிய இரண்டு செயற்கைக்கோள்களும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைக் காலை 10.30 மணியை ஒட்டிப் படம் பிடித்தன. சிவப்பு பேண்டும் (பேண்ட் என்பது ஒளியின் ஓர் அலைநீளப் பகுதி) அண்மை அகச்சிவப்பு பேண்டும், அதாவது 4ஆம் எண்ணும் 8ஆம் எண்ணும், 10 மீட்டர் பிக்சலில் கிடைக்கும். வளிமண்டலத் திருத்தம் செய்யப்பட்ட எல்2ஏ நிலைக் கோப்புகளே எடுக்கப்பட்டன.

ஒப்பிட எந்த ஆண்டை எடுப்பது என்பதிலேயே சிறு விவாதம் நடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது தென்னையும் சவுக்கும் பெருமளவில் சாய்ந்தன. அதனால் 2019 ஒதுக்கப்பட்டது. 2021 ஜனவரியிலும் பருவம் தப்பிய மழை பெய்து அறுவடைக்கு நின்ற சம்பாவைப் பாழாக்கியிருந்தது. எனவே 2020 பிப்ரவரி முதன்மை அடிப்படை, 2021 பிப்ரவரி துணை என்று முடிவானது. டெல்டாவில் ‘சாதாரண ஆண்டு’ என்று ஒன்றைத் தேடினால் கிடைப்பது அரிது. எந்த ஆண்டை எடுத்தாலும் அதன் குறை என்ன என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவிடுவதுதான் செய்யக்கூடியது.

மேகம் நீக்க, கோப்புடன் வரும் வகைப்பாட்டு அடுக்கில் 3 (மேக நிழல்), 8, 9 (மேகம்), 10 (மென்மேகம்) ஆகிய எண்கள் மறைக்கப்பட்டன. அந்த அடுக்கு 20 மீட்டரில் வரும். 10 மீட்டருக்கு மாற்றும்போது அருகிலுள்ள பிக்சலின் எண்ணை அப்படியே எடுக்கும் முறையே சரி. சராசரி முறையில் மாற்றினால் பயிருக்கான 4ம் மேகத்துக்கான 8ம் சேர்ந்து 6 ஆகிவிடும். அந்த அடுக்கில் 6 என்றால் தண்ணீர். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறு இது. இந்த நிகழ்வில் அது நடக்கவில்லை.

கிராம எல்லைகள் 20 மீட்டர் உள்நோக்கிக் குறுக்கப்பட்டன. எல்லைக்கோடு எண்மமாக்கியதில் உள்ள பிசகும், வெவ்வேறு ஆண்டுப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு பிக்சல் அளவுக்குப் பொருந்தாமல் போவதும் இதனால் அடிபட்டுவிடும். பிறகு ஒவ்வொரு பிக்சலுக்கும் என்டிவிஐ என்ற பசுமைக் குறியீடு: அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுப்பது. கிராமத்துக்கு ஓர் இடைநிலை எண். அடிப்படை ஆண்டைவிட 0.15க்கு மேல் குறைந்தால் ‘கடும் பாதிப்பு’, 0.08 முதல் 0.15 வரை என்றால் ‘மிதம்’.

முதல் வரைபடம்

பிப்ரவரி முதல் பாதியின் மேகமற்ற படத்தை வைத்து ஓட்டியபோது ஏறக்குறைய எல்லா நெல் கிராமங்களும் ‘கடும் பாதிப்பு’ என்று சிவப்பு வண்ணத்தில் வந்தன. யாரும் அதிர்ச்சி அடையவில்லை. மழை கடுமையாகப் பெய்தது எல்லோரும் அறிந்தது. பிப்ரவரியில் சம்பா பழுத்துக்கொண்டிருக்கும். பழுக்கும் பயிரில் என்டிவிஐ இறங்கத்தான் செய்யும். போதாததற்கு, சி.ஆர். 1009 போன்ற நீண்டகால ரகம் நட்ட ஊரும் அதைவிடக் குறுகிய கால ரகம் நட்ட ஊரும் அடுத்தடுத்து இருந்தாலும் எண்கள் வேறுபடும் என்பதும் தெரிந்ததே. எந்த எண் வந்தாலும் அதற்கு ஒரு விளக்கம் கையில் தயாராக இருந்தது.

நம்பிக்கையைக் கூட்டிய இன்னொரு காரணம் தண்ணீர்ப் படம். அதே கோப்புகளிலிருந்து, பச்சை பேண்டையும் அகச்சிவப்பையும் கொண்டு நீர்க்குறியீடும் கணக்கிடப்பட்டிருந்தது. குளங்கள், ஆறுகள், கடலோரக் கழிகள் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. தண்ணீர் சரியாக வந்திருப்பதால் தரவில் கோளாறு இல்லை என்று மேற்பார்வையாளர் முடிவுக்கு வந்தார். அந்த முடிவு ஏன் தவறு என்பது பின்னால் வருகிறது. இந்த நிகழ்வில் கற்றுக்கொள்ள வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று.

சந்தேகம்

வரைவு வரைபடம் வட்டார அளவில் ஒரு வேளாண் அலுவலருக்குக் காட்டப்பட்டது. அவர் கேட்டது ஒரே கேள்வி: “தென்னந்தோப்பெல்லாம்கூடச் சிவப்பா இருக்கேம்மா, அதுக்கு என்ன ஆச்சு?”

தொழில்நுட்பர் வரைவில் நெல் நிலத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கவில்லை. நேரமின்மையால் எல்லா நிலமும் வண்ணத்தில் அப்படியே இருந்தது. வழக்கப்படி நெல் அல்லாத இடங்களை வெள்ளையாக்கியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தேவையற்ற நிலத்தை மறைப்பது கடைசிப் படியாக இருக்க வேண்டும் என்று பிறகு குழு வைத்துக்கொண்ட வழக்கம் இங்கிருந்து வந்தது.

கேள்வி வந்த பிறகு தொழில்நுட்பர் நெல்லை விட்டுவிட்டு, மழையால் மாற முடியாத இடங்களைப் பார்க்கத் தொடங்கினார். கோடியக்கரையின் உலர் பசுமைமாறாக் காடு, கடலோர மணல்மேடுகளில் நிற்கும் சவுக்கு, மேட்டுப்பகுதித் தென்னை. மூன்றிலும் என்டிவிஐ விழுந்திருந்தது. நெல்லில் விழுந்த அளவுக்கே விழுந்திருந்தது. தண்ணீர் நிற்காத மணல்மேட்டில் இருக்கும் சவுக்குக்கும் வடிகால் ஓரத்துப் பள்ளவயலுக்கும் ஒரே அளவு பாதிப்பு இருக்க வழியில்லை.

முதல் முடிவு: பட்டியலை நிறுத்துவது

மேற்பார்வையாளர் முன் இரண்டு வழிகள் இருந்தன. ‘தற்காலிகமானது’ என்ற குறிப்புடன் பட்டியலை அனுப்பிவிட்டுப் பிறகு திருத்துவது ஒன்று. அனுப்பாமல் நிறுத்திச் சில நாள் அவகாசம் கேட்பது மற்றொன்று. அறுவடை நெருங்கியதால் முதல் வழிக்கே அழுத்தம் அதிகம்.

ஆனாலும் அவர் நிறுத்தினார். வரைபடம் கைமாறும்போது குறிப்பு கூடவே போவதில்லை. சிவப்பு மட்டும்தான் போகும். அதோடு எல்லாக் கிராமமும் சிவப்பு என்றால் அது முன்னுரிமைப் பட்டியலே அல்ல. களப்பணியாளர் அதை வைத்து எங்கும் முதலில் போக முடியாது. தாமதத்தின் செலவைவிடத் தவறான பட்டியலின் செலவு அதிகம் என்பதே அவர் காட்டிய காரணம்.

காரணத்தைத் தேடிய வரிசை

முதலில் பார்த்தது, திருத்தம் செய்யாத எல்1சி கோப்பு தவறுதலாகக் கலந்துவிட்டதா என்பது. வளிமண்டலத் திருத்தம் இல்லாத படத்தில் என்டிவிஐ இயல்பாகவே குறைவாக வரும். நடைமுறையில் அதிகம் காணும் கோளாறும் அதுதான். கோப்புப் பெயர்கள் எல்லாம் எல்2ஏ என்றே இருந்தன.

அடுத்தது காலைப் பனிமூட்டம். மூட்டம் சிவப்பு பேண்டின் எண்ணைக் கூட்டி என்டிவிஐயை இறக்கும். பிப்ரவரியின் வேறொரு தெளிவான நாளை எடுத்துப் பார்த்தபோதும் அதே வீழ்ச்சி. 2ஏ, 2பி என்ற இரண்டு செயற்கைக்கோள்களையும் தனித்தனியே பார்த்ததிலும் வித்தியாசமில்லை. சுற்றுப்பாதை எண்ணும் எல்லா ஆண்டும் ஒன்றே. எனவே பார்வைக் கோணமும் காரணமல்ல.

திருப்பம் தந்தது காலவரிசை. கோடியக்கரைக் காட்டில் ஒரு சிறு சதுரத்தை எடுத்து, 2021 டிசம்பர் முதல் கிடைத்த தெளிவான படங்கள் எல்லாவற்றிலும் என்டிவிஐயைத் தொழில்நுட்பர் வரிசையாகப் போட்டார். ஜனவரி மூன்றாம் வாரம் வரை கோடு சமமாக ஓடியது. அடுத்த படத்தில் படிக்கட்டில் இறங்குவதுபோல ஒரே இறக்கம். அதன்பின் மறுபடி சமம். பசுமைமாறாக் காடு பத்து நாளில் அப்படி மாறாது. நெல் வயல்களின் கோட்டிலும் அதே தேதியில் அதே இறக்கம் இருந்தது. ஆனால் அங்கே அது அறுவடைபோலத் தோன்றியதால் யார் கண்ணிலும் உறுத்தவில்லை. தரவு மாறிய தேதியும் டெல்டாவின் அறுவடைத் தொடக்கமும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தது இந்த நிகழ்வின் கெட்ட நேரம்.

தேதி கிடைத்ததும் கேள்வி சுருங்கியது: ஜனவரி கடைசியில் கோப்பில் என்ன மாறியது? இரண்டு பக்கத்துப் படங்களின் சிவப்பு பேண்டுக்கும் ஹிஸ்டோகிராம் (எந்த எண் எத்தனை பிக்சலில் என்று காட்டும் வளைவு) போட்டுப் பார்த்தார். பழைய படத்தில் நிழலும் ஆழ்கடலும் நூறு, இருநூறு என்ற எண்களில் இருந்தன. புதிய படத்தில், படமில்லாத ஓரத்துக்கான 0 தவிர, ஆயிரத்தை ஒட்டிய எண்ணுக்குக் கீழே ஏறக்குறைய எதுவுமே இல்லை. வளைவின் வடிவம் அதேதான். முழுவதும் வலப்பக்கம் ஆயிரம் தள்ளி உட்கார்ந்திருந்தது.

என்ன நடந்திருந்தது

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 தரவின் செயலாக்கப் பதிப்பை 04.00க்கு மாற்றியது. அதுவரை பிக்சல் எண்ணை 10,000ஆல் வகுத்தால் எதிரொளிப்பு, அதாவது பரப்பு திருப்பி அனுப்பும் ஒளியின் விகிதம், வந்துவிடும். புதிய பதிப்பில் எல்லா எண்ணோடும் 1,000 கூட்டிச் சேமிக்கிறார்கள். ஆகவே 1,000ஐக் கழித்த பிறகே 10,000ஆல் வகுக்க வேண்டும். காரணம் நியாயமானது. மிக இருண்ட பரப்புகளில் திருத்தத்துக்குப் பிறகு எதிரொளிப்பு பூஜ்யத்துக்குக் கீழும் போகும். குறை எண்ணைச் சேமிக்க முடியாத கோப்பு வடிவில் அது வெட்டுப்பட்டுப் போகிறது. ஆயிரம் கூட்டி வைத்தால் அந்தத் தகவல் தப்பிக்கும். மாற்றம் ஒளிவுமறைவாக நடக்கவில்லை. முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, ஒவ்வொரு கோப்பின் மெட்டாடேட்டாவிலும் (கோப்பைப் பற்றிய குறிப்பு) பேண்ட் வாரியாக மைனஸ் 1000 என்று எழுதப்பட்டிருந்தது. ஸ்கிரிப்ட் அந்த வரியைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். அது எழுதப்பட்ட காலத்தில் அப்படியொரு வரியே இல்லை.

என்டிவிஐயில் இதன் விளைவைக் கையாலேயே கணக்கிடலாம். செழிப்பான பயிரில் சிவப்பு 400, அகச்சிவப்பு 4,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 3,600, கூட்டல் 4,400; என்டிவிஐ 0.82. இரண்டிலும் ஆயிரம் கூடினால் வித்தியாசம் அதே 3,600தான், கூட்டல் மட்டும் 6,400 ஆகிறது, என்டிவிஐ 0.56. பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் 0.26 குறைந்துவிட்டது. ‘கடும் பாதிப்பு’க்கான 0.15ஐத் தாண்ட இதுவே போதும். வெற்று மண்ணில் சிவப்பு 1,500, அகச்சிவப்பு 2,200 என்றால் 0.19 என்பது 0.12 ஆகிறது, குறைவு 0.07 மட்டுமே. ஆக, நல்ல பயிர் நின்ற ஊரில்தான் பொய்யான வீழ்ச்சி பெரிதாகத் தெரியும். பட்டியலின் வரிசை தலைகீழாகும் அளவுக்கு இது ஆபத்தானது.

தண்ணீர்ப் படம் ஏன் சரியாக வந்தது என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. வித்தியாசம் மாறுவதில்லை என்பதால் குறியீட்டின் கூட்டல், கழித்தல் அடையாளமும் மாறாது. நீர்க்குறியீட்டில் பூஜ்யத்துக்கு மேல் தண்ணீர், கீழ் நிலம் என்று வெட்டியிருந்தார்கள். பூஜ்யத்தில் வெட்டினால் ஆயிரம் கூடினாலும் கூடாவிட்டாலும் ஒரே படம்தான் வரும். வேறு எந்த எல்லையில் வெட்டியிருந்தாலும் தண்ணீரின் பரப்பு மாறியிருக்கும். ஐயமும் முன்னதாகவே வந்திருக்கும். இந்தப் பிழை தீண்டவே முடியாத ஒரு படத்தைச் சாட்சியாக வைத்துத்தான் தரவு நல்லது என்று முடிவு செய்திருந்தார்கள்.

திருத்தம்

ஸ்கிரிப்டில் மாற்றியது சில வரிகள்தான், ஆனால் வரிசை முக்கியம். முதலில் எண்ணை, தசமமும் குறை எண்ணும் ஏற்கும் மிதவைப் புள்ளி வகைக்கு மாற்ற வேண்டும். அடுத்து 0 உள்ள பிக்சலைப் படமற்றது என்று மறைக்க வேண்டும். புதிய பதிப்பிலும் படமற்ற இடத்தின் எண் 0தான். மறைக்காமல் கழித்தால் படத்தின் ஓரம் முழுவதும் மைனஸ் ஆயிரமாகி, கிராமத்தின் எண்ணில் கலந்துவிடும். அதன்பிறகே ஆஃப்செட்டை, அதாவது மெட்டாடேட்டாவில் உள்ள அந்த மைனஸ் 1000ஐ, சேர்த்து 10,000ஆல் வகுப்பது.

எண் வகையை மாற்றாமல் கழித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூலக் கோப்பு 16 பிட்டில், குறை எண் ஏற்காத வகையில் வருகிறது. அதில் 900லிருந்து 1,000ஐக் கழித்தால் மைனஸ் 100 வராது. எண் சுற்றிக்கொண்டு 65,436 ஆகிவிடும். இருண்ட நீர்ப்பரப்பு படத்தில் வெண்மேகம்போல ஒளிரும். கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டர் வெளியீட்டை மிதவை எண்ணாகவே தருவதால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை. பைதானின் நம்பை போன்ற நிரல் நூலகத்தில் நேரடியாக எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள்.

எந்தக் கோப்பில் கழிக்க வேண்டும் என்பதை எப்படித் தீர்மானிப்பது? ‘2022 ஜனவரி 25க்குப் பிந்தைய படம் என்றால் கழி’ என்பது எளிய வழி. தொழில்நுட்பர் முதலில் அப்படித்தான் எழுதினார். மேற்பார்வையாளர் ஏற்கவில்லை. பழைய படங்களையும் என்றாவது புதிய பதிப்பில் மறுசெயலாக்கம் செய்து வெளியிடுவார்கள். அப்போது 2020ஆம் ஆண்டுப் படத்திலும் ஆயிரம் இருக்கும், தேதியை நம்பும் ஸ்கிரிப்ட் அதைக் கழிக்காது என்பது அவர் வாதம். பின்னாளில் 05.00 பதிப்பில் பழைய தொகுப்பு மறுசெயலாக்கம் செய்யப்பட்டபோது அப்படியே நடந்தது. ஆகவே விதி மெட்டாடேட்டாவை ஒட்டி அமைந்தது: கோப்பில் ஆஃப்செட் வரி இருந்தால் அந்த எண்ணைப் பயன்படுத்து, இல்லாவிட்டால் பூஜ்யம். கண்ணால் சரிபார்க்க, கோப்புப் பெயரில் ‘என்’ எழுத்தை அடுத்து வரும் நான்கு இலக்கங்கள் உதவும். 2021 பிப்ரவரிக் கோப்புகளில் அது 0214, 2022 பிப்ரவரியில் 0400.

திருத்தத்தால் வந்த இரண்டாவது கோளாறு

மறுபடி ஓட்டியபோது பெரும்பகுதி சரியாக வந்தது. படங்கள் சதுரத் துண்டுகளாக வருகின்றன; அதில் ஒரு சதுரத்தில் மட்டும் என்டிவிஐ 1ஐத் தாண்டியது. எதிரொளிப்பு எண்கள் நேர் எண்களாக இருக்கும்வரை என்டிவிஐ 1க்கு மேல் போக முடியாது. போனால் ஏதோ ஒரு பேண்ட் குறை எண்ணாகிவிட்டது என்று பொருள்.

அந்தச் சதுரத்தின் படம் மட்டும் வேறு மேகக் கணிமைத் தளம் ஒன்றிலிருந்து இறக்கப்பட்டிருந்தது. அங்கே பயனர் வசதிக்காக ஆயிரத்தை முன்பே கழித்துச் சேமித்திருந்தார்கள். ஆனால் மெட்டாடேட்டாவின் மைனஸ் 1000 வரியும் கோப்புப் பெயரின் 0400உம் அப்படியே இருந்தன. ஸ்கிரிப்ட் இரண்டாம் முறை கழித்தது. சிவப்பு 400 என்பது மைனஸ் 600 ஆகவும், அகச்சிவப்பு 3,000 என்பது 2,000 ஆகவும் மாறினால் என்டிவிஐ 1.86. இங்கே பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது. முதல் பிழையைப்போல நம்பும்படியான எண்ணாக வரவில்லை.

கூகுள் எர்த் எஞ்சினில் இதற்கென ‘ஹார்மனைஸ்டு’ என்ற பெயருடன் தனித் தொகுப்பு இருக்கிறது. அதில் புதிய படங்கள் பழைய அளவுக்குக் கொண்டுவரப்பட்டிருக்கும். மற்றத் தளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒரே வேலைக்கு இரண்டு தளங்களிலிருந்து படம் எடுக்கக் கூடாது என்பதே இங்கே எடுத்த முடிவு. அந்தச் சதுரமும் மூலத் தளத்திலிருந்து மறுபடி இறக்கப்பட்டது. இறுதிச் சோதனையாகக் காடு, சவுக்கு, உப்பளக் கரை, ஆழ்கடல் ஆகிய நான்கையும் எல்லாத் தேதியிலும் போட்டுப் பார்த்தபோது ஜனவரிப் படிக்கட்டு மறைந்திருந்தது.

வயலில்

புதிய பட்டியலில் ‘கடும் பாதிப்பு’க் கிராமங்கள் வெகுவாகக் குறைந்தன. எஞ்சியவை பெரும்பாலும் வடிகால்களின் கடைப்பகுதியிலும் பள்ளக்காலிலும் இருந்தன. வண்ணத்தைப் பார்த்தாலே தண்ணீர் எங்கே தேங்கியிருக்கும் என்று சொல்லிவிடலாம்.

கள உதவியாளரிடம் கடும், மிதம், பாதிப்பற்றது ஆகிய மூன்று வகையிலிருந்தும் புள்ளிகள் கொடுக்கப்பட்டன. எந்தப் புள்ளி எந்த வகை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிவப்புப் புள்ளியில் நின்று பாதிப்பைத் தேடத் தோன்றும். அவர் எழுதிவந்ததில் கடும் வகையின் பெரும்பகுதி உண்மையாகவே அழுகியோ மறுநடவாகவோ இருந்தது. ஆனால் சில இடங்களில் பாதிப்பே இல்லை. அவை முன்கூட்டி அறுவடையான வயல்கள். அறுத்த வயலும் அழிந்த வயலும் பிப்ரவரிப் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இதைப் பிரிக்க டிசம்பர், ஜனவரிப் படங்கள் சேர்க்கப்பட்டன. டிசம்பர் கடைசியில் பச்சை உச்சத்துக்குப் போய்ப் பிறகு சட்டென விழுந்தால் அறுவடை. உச்சமே வராமல் தட்டையாக ஓடினால் இழப்பு. உச்சம் தாமதமாக வந்தால் மறுநடவு. மேகம் மூடியிருந்த நவம்பருக்கு சென்டினல்-1 ரேடார் படம் உதவுமா என்றும் பார்த்தார்கள். தேங்கிய நீர் ரேடாரில் கறுப்பாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் நட்ட புதிதில் எந்த நெல் வயலிலும் தண்ணீர்தான் நிற்கும். தாளடி நட்ட வயலையும் வெள்ளம் புகுந்த வயலையும் ஒரே ஒரு படத்தில் பிரிப்பது சிரமம். பயிர் ஓரளவு வளர்ந்து வெளுத்துத் தெரிந்த வயல் மறுபடி கறுத்தால் மட்டுமே அதை வெள்ளம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் எந்தப் படத்திலும் அகப்படவில்லை. சில ஊர்களில் பயிர் பச்சையாகவே நின்றது, கதிரில் கருக்காய் மிகுந்திருந்தது. என்டிவிஐ இலையைப் பார்க்கிறது, மணியைப் பார்ப்பதில்லை. அந்த ஊர்கள் பட்டியலில் கீழேதான் வந்தன. விவசாயிகளின் முறையீட்டைக் கேட்டு வேளாண் அலுவலர் தம் பொறுப்பில் அவற்றை மேலே சேர்த்தார். அது சரியான முடிவு. பட்டியலின் முகப்பிலேயே இந்த வரம்பை எழுதியிருக்க வேண்டும்.

மாற்றப்பட்டவை

இப்போது ஒவ்வொரு பருவத்திலும் முதல் வேலை மாறாப் புள்ளிகள். காடு, சவுக்கு, உப்பளக் கரை, கடல் ஆகியவற்றின் எண்களைக் கோடாகப் போட்டுவிட்டே பயிருக்கு வருகிறார்கள். அந்தக் கோட்டில் படிக்கட்டு தெரிந்தால் பயிர் வரைபடம் திறக்கப்படுவதே இல்லை. இதற்கு அரை மணி நேரம் போதும். ஒவ்வொரு பேண்டிலும் 0ஐ ஒதுக்கிய பின் உள்ள மிகக் குறைந்த எண்ணையும் ஸ்கிரிப்ட் தானே எழுதிவைக்கிறது. அந்த எண் ஆயிரத்தை ஒட்டி இருந்தும் ஆஃப்செட் பூஜ்யம் என்று பதிவானால், அல்லது சிறிய எண்ணாக இருந்தும் ஆஃப்செட் மைனஸ் 1000 என்று பதிவானால், வேலை அங்கேயே நிற்கும். மேகக் கணிமைத் தளத்தில் நடந்த இரட்டைக் கழித்தலையும் இதே சோதனை பிடித்துவிடும்.

வெளியீட்டு அட்டவணையில் இரண்டு பத்திகள் கூடின: செயலாக்கப் பதிப்பு, இறக்கிய தளம். வண்ண வரைபடம் முதலில் எல்லா நிலத்தோடும் உள்ளூர் அலுவலருக்குப் போகிறது. நெல் மட்டும் வெட்டிய படம் அவர் பார்த்த பிறகுதான்.

ஜனவரி 25க்குப் பிறகு அதே ஸ்கிரிப்டில் தயாரான மற்ற வேலைகளும் எடுத்துப் பார்க்கப்பட்டன. பழைய படங்களில் பயிற்சி கொடுத்துப் புதிய படத்தில் ஓட்டிய ஒரு நிலப்பயன்பாட்டு வகைப்பாடு திரும்பப் பெறப்பட்டது. அதில் ஆயிரத்தின் தாக்கம் எந்த வகுப்பில் எவ்வளவு என்று கையால் பிரித்தெடுக்க முடியாது, முழுவதும் மறுபடி ஓட்டத்தான் வேண்டும். பூஜ்யத்தில் வெட்டிய நீர்ப்பரப்பு வரைபடங்கள் அப்படியே விடப்பட்டன. கலங்கல் நீரையும் பிடிப்பதற்காகப் பூஜ்யத்துக்குக் கீழே எல்லையை இறக்கியிருந்த ஒன்றிரண்டு ஏரிப் படங்களில் மட்டும் கரையோர ஈரநிலமும் தண்ணீராகச் சேர்ந்திருந்தது. அவை திருத்தி அனுப்பப்பட்டன.